முன்னாளும் முன்னாலும்

அன்புள்ள ஐயா,

நான் கல்முனையைச் சேர்ந்தவன், இதழியல் படிக்கிறேன். போருக்குப் பிந்தைய செய்திகளில் 'ஃபோர்மர்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் அதை 'முன்னாள்' என்பதா, 'முன்னைநாள்' என்பதா சரி? முன்னால் போராளிகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதை நம்பலாமா? கொழும்பில் இருப்பவர்களுக்கு நம் வலி புரியுமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

இரண்டும் சரி. வேலை பார்க்கப்போகும் பத்திரிகையில் எது வழக்கமோ அதை எழுதுங்கள். கொழும்புக்கு வலி புரியுமா என்பதை விடுங்கள். மட்டக்களப்பு நகரில் இருந்துகொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கால் வைக்காதவர்கள் எத்தனை பேர்!

ஆனால் 'முன்னால் போராளி' என்று எழுதியிருக்கிறீர்களே, இதழியல் படிக்கும் பிள்ளைக்கு லகர ளகரம் தெரிய வேண்டாமா? கோபத்தோடு கடிதத்தை மடித்தேன். இரவு படுத்த பிறகுதான், பிழையாக எழுதினாலும் நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று பட்டது. அந்தச் சொல் எப்போதும் ஆளுக்கு முன்னால்தான் நடக்கிறது. பெயர் பின்னால் வரும், சில செய்திகளில் வராமலும் போகும்.

2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பின் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டிருந்தார்கள். முன்னாள் போராளி ஒருவர் கைதானார். அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டிய நாங்கள், முன்பு என்னவாக இருந்தார் என்று தெரிந்ததும் தலையாட்டினோம். நானும்தான். அடுத்த ஏப்ரலில் சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்த பிறகு, விசாரணையில்தான் வவுணதீவுக் கொலையும் அந்தக் குண்டுகளை வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்று தெரியவந்தது. தடுப்புக்காவலில் இருந்தவர் மே மாதம் விடுதலையானார். செய்தியில் அப்போதும் அவர் முன்னாள் போராளிதான்.

அமைச்சர் பதவி போனவர் கலியாண அழைப்பிதழில் 'முன்னாள் அமைச்சர்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிறார். 2008 இல் கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சரான சிவநேசதுரை சந்திரகாந்தனும் ஆயுதம் ஏந்தி வந்தவர்தான். 'முன்னாள் முதலமைச்சர்' என்ற புதிய முன்னாள் வந்து பழைய முன்னாளை மூடிவிட்டது. போருக்குப் பின் அரசின் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியே வந்த சுமார் 12,000 பேருக்கு அப்படி மூடிக்கொள்ள என்ன இருக்கிறது? மேசன் வேலை செய்தாலும் மாடு வளர்த்தாலும் நிருபருக்கு அவர்கள் முன்னாள்தான்.

நிருபரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது. அதற்கு முன்பு பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம் (எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு மிதக்கும் தட்டையான படகு). அப்படி ஒருநாள் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நிருபருக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் தயிர் விற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தோம். சட்டியின் வாயில் கட்டியிருந்த தாளை அவிழ்த்து, சட்டியை அப்படியே சரித்துக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "அண்ணன், இதை எழுதச் சொல்லுங்கள்" என்றார். நிருபரோ அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரிகை வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முதல் சொல்லே அதுதான். அதைத் தாவிவிட்டு, 'தயிர் வியாபாரி' என்று வாசித்தேன். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பத்திரிகைப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையின் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார். என்ன பதில் சொல்ல?

போன மாதம் இரண்டு சட்டி தயிர் வாங்கப் போயிருந்தேன். வெளிநாட்டுப் பயணி ஒருவர் சட்டத்துக்கு அருகில் நின்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, குனிந்து அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார். அவர் தயிர்தான் பார்க்கிறார் என்று நினைத்து இவர் தாளை அவிழ்த்துச் சட்டியைச் சரித்துக் காட்டினார்.