மேக்பெத்: யார் கெடுத்தது யாரை?

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத், மனைவியோடு சேர்ந்து அரசர் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: கைகேயிக்குக் கூனி மாதிரி, மேக்பெத்துக்கு மனைவி. சரிதானே?

இல்லை. ராமனுக்கு முடிசூட்டு விழா என்று கேட்டதும் ஆரத்தைக் கழற்றிக் கொடுத்தவள் கைகேயி. கெட்ட நினைப்பு அவளுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. மேக்பெத்திடம் சூனியக்காரிகள் ‘நீ அரசனாவாய்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘டங்கனைக் கொல்’ என்று சொல்லவில்லை. ஆனாலும் அதே காட்சியில் கொலை நினைப்பு வந்து அவன் மயிர்க்கூச்செறிகிறான். மனைவி அதுவரை மேடைக்கே வரவில்லை. அவளுக்குக் கடிதம் எழுதி ஆசையை மூட்டுபவனும் அவனே.

கேள்வி: அப்படியானால் அவள் அப்பாவியா?

யார் சொன்னது? முதல் அங்கம் ஏழாம் காட்சியைப் படியுங்கள். டங்கன் உறவினர், அரசர், விருந்தாளி, அதோடு நல்லவர் என்று தனியாக நிற்கும்போது யோசிக்கிறான் மேக்பெத். அவளிடம் பேசும்போது இதில் ஒன்றும் வாயில் வராது. ‘இப்போதுதான் கௌரவம் கிடைத்திருக்கிறது, நல்ல பெயர் வந்திருக்கிறது’ என்று மழுப்புவான். மனசாட்சியை மறைத்துவிட்டு அவளோடு வாதாடினால் ஜெயிக்க முடியுமா? ‘நீ ஆண்பிள்ளையா’ என்ற ஒரே குத்தில் விழுந்துவிடுகிறான். காவலாளிகளைக் குடிக்கவைத்துப் பழியை அவர்கள் தலையில் கட்டும் யோசனை அவளுடையது. ரத்தத்தைக் கொண்டுபோய் அவர்கள்மேல் பூசியதும் அவள்தான்.

கேள்வி: அவளே ஏன் குத்தவில்லை?

தூங்கும் டங்கன் அவள் அப்பாவைப் போல இருந்தாராம். இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

கேள்வி: பிந்தைய கொலைகளில் அவளுக்குப் பங்கில்லை. பிறகு ஏன் சித்தம் கலங்குகிறது?

நல்ல கேள்வி. கடிதத்தில் அவளைத் தன் பெருமையின் கூட்டாளி என்று எழுதியவன், சக தளபதி பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது ‘உனக்குத் தெரியவேண்டாம் கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு’ என்கிறான். தன்னை எதிர்க்கும் ஃபைஃப் பிரபு மெக்டஃபின் குடும்பத்தை அழிக்க முடிவெடுக்கும்போது அவள் பக்கத்திலேயே இல்லை. ஆனால் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே அவள் புலம்புவது எதை? ‘ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே?’ அது மெக்டஃபின் மனைவி. தான் செய்யாத கொலையும் அவள் கையில் ஒட்டியிருக்கிறது. டங்கன் செத்த இரவில் ‘கடல் முழுவதும் கழுவினாலும் போகாது’ என்று பதறியவன் அவன்; ‘கொஞ்சம் தண்ணீர் போதும்’ என்றவள் அவள். இப்போது கையைத் தேய்த்துத் தேய்த்து ஓய்வது அவள். அவள் செத்த செய்தி வரும்போது அவனுக்கு அழக்கூட வரவில்லை.

கேள்வி: யார் குற்றம் பெரிது? சுருக்கமாக.

டங்கன் விஷயத்தில் சரிபாதி. மற்றதெல்லாம் அவன் கணக்கு.

கேள்வி: பாங்க்வோவாவது நல்லவனா?

சூனியக்காரிகள் பேசியதைக் கேட்ட ஒரே சாட்சி அவன். மேக்பெத்தைச் சந்தேகிக்கிறான், ஆனால் வாய் திறப்பதில்லை. தன் வம்சமும் ஆளும் என்ற வாக்கு அவன் நாக்கைக் கட்டிவிட்டது. நாடகத்துக்கு மூலமான ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் அவன் கொலைக்கே உடந்தை! ஷேக்ஸ்பியர் இதை எழுதியபோது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், பாங்க்வோ வழிவந்தவராகக் கருதப்பட்டவர். அரசரின் மூதாதையைக் கொலைகாரனாக மேடையேற்ற எந்த நாடகக்காரருக்குத் துணிச்சல் வரும்?

கேள்வி: நிஜ மேக்பெத்தும் இப்படித்தானா?

1040-ல் டங்கன் செத்தது போரில், படுக்கையில் அல்ல. கிழவரும் அல்ல. அதன்பின் மேக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார்.