இறங்கி வருவதற்கும் பணம் எடுத்து வையுங்கள்

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். வயது 62 முதல் 71 வரை. அடுத்த ஆண்டு பத்து நாள் மலையேற்றம் போக ஆசை. அதிகபட்சமாக 3,800 மீட்டர் உயரத்தில் தங்குவோம். மாதாமாதம் பணம் சேர்த்துப் பங்குச்சந்தை ஃபண்டில் போட்டால் கொஞ்சம் வளருமே என்கிறார் ஒரு நண்பர். எல்லோரிடமும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பயணக் காப்பீடு தனியாக வேண்டுமா? எங்களில் ஒருவருக்கு ஓய்வூதியம் மட்டுமே வருமானம். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: பங்குச்சந்தை வேண்டாம். ஓராண்டில் செலவழிக்கப்போகும் பணம் அது. மீதித் தொகையைக் கட்ட வேண்டிய மாதத்தில் சந்தை சரிந்து கிடந்தால், நஷ்டத்துக்கு விற்றுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வங்கியில் தொடர் வைப்பு போதும். இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்காக இருந்தால், நட்புக்கும் நல்லது.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத்தான் பார்க்கும். மலையில் நடக்க முடியாமல் விழுந்தவரை அங்கிருந்து கீழே கொண்டுவரும் செலவு, அதிலும் ஹெலிகாப்டர் வரவேண்டி வந்தால், பெரும்பாலும் அதில் அடங்காது. அதனால் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். ஆனால் அதிலும் உயர வரம்பு உண்டு. சில பாலிசிகள் 3,000 மீட்டருடன் நின்றுவிடும். நீங்கள் தங்கப்போவது 3,800. பாலிசியில் மலையேற்றம் என்ற சொல்லும் மீட்டர் கணக்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; முகவர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை, மறைத்தால் கிளெய்மே கிடைக்காமல் போகலாம். 71 வயது நண்பருக்கு வயது வரம்பையும் கேளுங்கள். முன்பணம் கட்டியதுமே பாலிசி எடுத்துவிட்டால், பயணத்துக்கு முன் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலும் ரத்துச் செலவைக் கேட்க வழி இருக்கும். அப்புறம், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண் ஆறு பேரிடமும் இருக்கட்டும். அவர்களிடம் சொல்லாமல் ஹெலிகாப்டரை அழைத்தால் பின்னால் பணம் தர மறுக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. யாராவது பாதியில் திரும்ப வேண்டியிருந்தால்? சுமார் 2,500 மீட்டருக்கு மேல், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் யாருக்கும் வரலாம். தினமும் நடந்து பழகியவர் என்பதால் தப்பித்துவிட முடியாது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்று முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஆனால் "இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே, இன்னும் ஒரு நாள்தானே" என்று மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் உங்கள் நண்பருக்குத்தான் அந்த எண்ணம் முதலில் வரும். அப்படி ஒரு நெருக்கடியில் அவரை நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்குங்கள். இறங்குகிறவரோடு இன்னொருவர் துணைக்குப் போக வேண்டும்; இருவருக்கும் வண்டி, அறை, கூடுதல் வழிகாட்டி எல்லாம் இதிலிருந்து. யார் திரும்பினாலும் பொதுப்பணம்தான், கணக்குக் கேட்பதில்லை என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தொடாமல் மிஞ்சினால், போட்ட விகிதத்திலேயே பிரித்துக்கொள்ளலாம்.

பத்து நாளை பன்னிரண்டாக்க முடியுமா என்றும் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளில் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் தரும் கணக்கு. இரண்டு நாள் அறை வாடகை, மீட்புச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பங்கு பிரிப்பதில், வசதியான நண்பர்கள் கூடுதலாகத் தர விரும்பினால் வழிகாட்டி, சுமைதூக்குபவர் கூலியை அவர்கள் ஏற்கட்டும். அது எல்லோருக்குமான செலவு, யாருக்கும் தானம் வாங்குவதுபோல் இருக்காது. சுமையை வேறொருவர் தூக்கினால் இறக்கத்தில் முழங்காலுக்கும் பெரிய உதவி. ஓய்வூதிய நண்பர் மட்டும் இதற்காகக் கடன் வாங்கவோ அவசரகாலச் சேமிப்பைத் தொடவோ வேண்டாம். அவரால் மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்பத் தேதியைத் தள்ளி வையுங்கள்.

முன்பணம் கட்டுமுன் ஆறு பேரும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு அவர் வேண்டாம் என்றால், அதைக் கேட்டுக்கொள்ள மனசு வராது.