கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எந்த அதிகாரம் யார் கையில்? கேள்வி பதில்

பத்து வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பேரவையின் (பேராசிரியர்கள் பல்கலைக்கழக ஆட்சியில் பங்கெடுக்கும் அமைப்பு; கீழே 'பேரவை' என்பது இதுதான்) குழுக்களில் நீண்ட காலம் உழைத்தவள் நான். பிள்ளைகளை அங்கே படிக்க வைப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்: அங்கும் மாநில ஆளுநர்தான் வேந்தரா? துணைவேந்தரை நியமிப்பது யார்?

இல்லை ஐயா. முதலில், கலிஃபோர்னியாவின் ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் ஊர் முதலமைச்சருக்கு நிகரானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தை ஆள்வது 'ரீஜென்ட்கள்' என்ற வாரியம். அதில் 26 வாக்குகள். பதினெட்டுப் பேரை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் உறுதிசெய்கிறது. ஏழு பேர் பதவி வழியில் வருகிறார்கள். ஆளுநர், துணை ஆளுநர், கீழவைத் தலைவர் எல்லாம் அந்த ஏழில் அடக்கம். மீதி ஒருவர் மாணவர். ஆளுநரும் அந்த வாரியத்தில் ஒரு வாக்குத்தான்.

நியமனம் பெறும் பதினெட்டுப் பேருக்கும் பதவிக்காலம் 12 ஆண்டு. எல்லாருடைய காலமும் ஒரே நேரத்தில் முடியாது. அதனால் புதிதாக வரும் ஆளுநர் முதல் ஆண்டிலேயே வாரியத்தைத் தன் ஆட்களால் நிரப்பிவிட முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

பத்து வளாகங்களுக்கும் பொதுவான தலைவரை வாரியம் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சான்சலர் உண்டு. அவரைத் தலைவரின் பரிந்துரையின் பேரில் வாரியம் நியமிக்கிறது. நீங்கள் கேட்கும் துணைவேந்தரின் அன்றாட வேலையைச் செய்பவர் இந்தச் சான்சலர்தான். 1952இல்தான் இந்தப் பதவி வந்தது. பெர்க்லிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் முதலில் நியமித்தார்கள்.

சான் ஹொசேயிலிருந்து ஒருவர்: என் மனைவி வேலை பார்க்கும் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இதே அமைப்பா?

அது வேறு நிறுவனம். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 'டிரஸ்டிகள்' என்ற தனி வாரியம் உண்டு. அங்கே முழு அமைப்புக்கும் தலைவர் சான்சலர், வளாகத் தலைவர்தான் பிரசிடென்ட். இங்கிருப்பதற்கு நேர்மாறு. எந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதில் பலர் தடுமாறுவது இதனால்தான்.

சாக்ரமென்டோவிலிருந்து ஒரு தந்தை: நம் வரிப்பணத்தில் நடக்கிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிச் சட்டமன்றம் ஏன் ஒரு சட்டம் போடக் கூடாது?

மாநில அரசியலமைப்பு தடுக்கிறது. 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, பல்கலைக்கழகத்தை ஒரு பொது அறக்கட்டளையாக வைத்து, அதை அமைக்கவும் ஆளவும் முழு அதிகாரத்தை ரீஜென்ட்களிடம் கொடுத்திருக்கிறது. நிதியின் பாதுகாப்பு, நன்கொடை நிபந்தனைகளை மீறாமல் இருப்பது போன்ற சிலவற்றில் மட்டுமே சட்டமன்றம் தலையிடலாம். கட்டணத்தை முடிவு செய்வது வாரியம். முன்பு நான் குறிப்பிட்ட மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கவசம் இல்லை, அது சாதாரணச் சட்டத்தால் உருவானது.

ஆனால் பணப்பை சட்டமன்றத்திடம் இருக்கிறது. உத்தரவு போட முடியாவிட்டாலும், "இதைச் செய்தால்தான் இந்தத் தொகை" என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுத முடியும். வெளிமாநில, வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்கு உச்சவரம்பு வந்தது அப்படித்தான். சட்டமன்றம் நிதியைப் பிடித்துவைத்துக் கேட்டது. 2017இல் வாரியம் பெரும்பாலான வளாகங்களுக்கு 18 சதவீதம் என்று வரம்பு வைத்தது. ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ போன்றவை அன்றிருந்த விகிதத்தைவிட மேலே போகக் கூடாது என்றது. சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதை அறிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஃப்ரீமான்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்: கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டோம் என்று முடிவெடுத்தது யார்? பேராசிரியர்களே வேண்டாம் என்றார்களா?

அம்மா, எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பேராசிரியர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரவை அமைத்த ஆய்வுக்குழு பல்கலைக்கழகத்தின் சொந்தத் தரவுகளையே அலசி, 2020இன் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. மாணவர் கல்லூரியில் எப்படிப் படிப்பார் என்பதைக் கணிக்கத் தேர்வு மதிப்பெண் உதவுகிறது, வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வருபவர்களின் மதிப்பெண்ணை அந்தச் சூழலோடு சேர்த்தே வளாகங்கள் மதிப்பிடுகின்றன என்பது அதன் முடிவு. புதிய தேர்வு ஒன்றை உருவாக்கும் வரை இதை விட வேண்டாம் என்றது. பேரவையின் பொது மன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. ஆனால் அன்றைய தலைவர் ஜேனட் நெப்போலிடானோ, தேர்வைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை வாரியத்தின் முன் வைத்தார். 2020 மே மாதம் வாரியம் 23-0 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியது. பின்னர் நீதிமன்ற வழக்கும் 2021இல் ஏற்பட்ட சமரசமும் கதவை முழுதாக மூடிவிட்டன.

அப்படிச் செய்ய வாரியத்துக்கு உரிமை உண்டா? உண்டு. ரீஜென்ட்களின் நிலையாணை 105, சேர்க்கைக்கான தகுதியைப் பேரவை நிர்ணயிக்கும் என்கிறது. ஆனால் "வாரியத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையோடு. பாடங்களையும் பாடத்திட்டத்தையும் அனுமதிப்பதிலும் மேற்பார்வை செய்வதிலும் அந்த நிபந்தனை இல்லை. எந்தப் பாடத்தில் என்ன கற்பிப்பது என்பதில் ஆசிரியர்களின் சொல் ஏறக்குறைய இறுதியானது. யாரைச் சேர்ப்பது என்பதில் அப்படியில்லை.

உரிமை இருந்தாலும் அதைப் பயன்படுத்திய விதம் தவறு என்பது என் உறுதியான கருத்து. தேர்வு நல்லதா கெட்டதா என்பதில் நேர்மையானவர்களே இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் ஏறத்தாழ ஓராண்டு உட்கார்ந்து எண்களைப் பார்த்தவர்களின் முடிவை மறுக்க வேண்டுமானால், எந்த எண் தவறு, எந்த வாதம் பிழை என்று காரணம் காட்டி அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் அடுத்த குழுவில் உட்கார ஆட்கள் முன்வருவார்கள். இப்போது நான் கேட்டால், "எழுதிக் கொடுத்து என்ன பயன்?" என்கிறார்கள்.

1995இலும் இதுபோல் நடந்தது. சேர்க்கையில் இனம், பால் ஆகியவற்றைக் கருதக் கூடாது என்று வாரியம் 14-10 என்ற வாக்கில் தீர்மானித்தது. 2001இல் அதைத் திரும்பப் பெற்றபோது, சேர்க்கையில் பேரவையின் பங்கை மீண்டும் உறுதிசெய்தது. அதற்குள் 1996 வாக்கெடுப்பில் அதே தடை மாநில அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டதால் சேர்க்கை முறை பழையபடி திரும்பவில்லை.

பெர்க்லி ஆராய்ச்சி மாணவர்: பேராசிரியர்களுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

போராடிப் பெற்றது. பெஞ்சமின் ஐடு வீலர் தலைவராக இருந்த இருபது ஆண்டுகளில் நியமனம், பதவி உயர்வு எல்லாம் அவர் ஒருவர் கையில். அவர் 1919இல் ஓய்வு பெற்றதும் பேராசிரியர்கள் திரண்டார்கள். 1920இல் வாரியம் பேரவைக்குத் தன் குழுக்களைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையையும், நியமனங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் கொடுத்தது.

கொடுத்தது வாரியம் என்பதை மறக்காதீர்கள். 1949இல் அதே வாரியம் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டது. மறுத்த 31 பேரை, வேலையில் வைத்துக்கொள்ளும்படி பேரவையின் குழு பரிந்துரைத்தவர்கள் உட்பட, 1950 ஆகஸ்டில் வேலையிலிருந்து நீக்கியது. 1952இல் மாநில உச்ச நீதிமன்றம்தான் அவர்களுக்கு வழி திறந்தது.

உங்கள் ஊதியமும் வேலைநேரமும் பேரவையின் எல்லைக்குள் வராது. அவை தொழிற்சங்கமும் தலைவர் அலுவலகமும் பேசித் தீர்ப்பவை. 2022 நவம்பரில் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது பேச்சுவார்த்தை மேசையில் எதிரே இருந்தது தலைவர் அலுவலகம்தான். உங்களுக்கு வகுப்பெடுக்கும் விரிவுரையாளர்களில் பெரும்பாலோரும் பேரவை உறுப்பினர்கள் அல்லர். பாடம் நடத்துபவர்களில் இத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டு ஆசிரியர் ஆட்சி என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் மாணவி: மாணவர் ரீஜென்டுக்கு உண்மையிலேயே வாக்கு உண்டா?

உண்டு, முழு வாக்கு. ஓராண்டுக் காலம். பேரவையின் தலைவரும் துணைத்தலைவரும் வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம். அவர்களுக்கு வாக்கு இல்லை.

தமிழ்ப் பணிகளுக்கு நன்கொடை கொடுத்த ஒருவர்: பெர்க்லி தமிழ் இருக்கைக்கு 1990களில் அமெரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினோம். அதில் யார் அமர வேண்டும் என்பதில் எங்களுக்குச் சொல் உண்டா?

இல்லை ஐயா, இருக்கவும் கூடாது. உங்கள் பணத்தைத் தமிழ்ப் படிப்பைத் தவிர வேறு எதற்கும் திருப்ப முடியாது. எழுதிய நிபந்தனை பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும். ஆளைத் தேர்வது வேறு வேலை. துறை வாக்களிக்கும், பேரவையின் பணியாளர் குழு கோப்பைத் தனியாகப் பார்க்கும், வளாக நிர்வாகம் முடிவெடுக்கும். நன்கொடையாளர் கை நுழைந்தால் அந்த இருக்கையில் அமர்பவரின் ஆய்வை யாரும் மதிக்க மாட்டார்கள். தமிழுக்கு அதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை.

அதே நண்பர்: ஆளுநர் நினைத்தால் பல்கலைக்கழகத் தலைவரை நீக்கிவிட முடியுமா?

தனியாக முடியாது. ஆனால் ரானல்ட் ரீகன் 1967 ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்ற சில வாரங்களிலேயே, 20ஆம் தேதி, வாரியம் அன்றைய தலைவர் கிளார்க் கெர்ரை 14-8 என்ற வாக்கில் நீக்கியது. ரீகனும் வாக்களித்தார். ரீஜென்ட்களின் நீண்ட பதவிக்காலம் புயலின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

கலிஃபோர்னியாவின் டப்ளினிலிருந்து ஒரு பெற்றோர்: எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. கட்டணம், சேர்க்கை என்றால் ரீஜென்ட்கள். அவர்களுடைய கூட்டம் பொதுவில் நடப்பது. முன்பதிவு செய்துகொண்டு பொதுமக்கள் பேசலாம், நேரம் மிகக் குறைவு என்பதால் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். இடங்களின் எண்ணிக்கை, மாநில நிதி என்றால் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். வரவுசெலவுத் திட்டம் ஜூனில் முடிவாகும் என்பதால் வசந்த காலத்திலேயே எழுதுங்கள். விடுதி, வகுப்பு கிடைக்காதது போன்றவை வளாகத்தோடு முடிபவை. அதைச் சொல்ல சான்சலர் வரை போக வேண்டியதில்லை. துறை அலுவலகத்தில் உங்கள் மகனே நேரில் போய்க் கேட்பதுதான் விரைவான வழி.