பிடிக்காத வேலையும் ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டும்

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நாலரை வருடமாக இருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. நான் இன்னும் பில் என்ட்ரியிலேயே இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே அலுப்பாக இருக்கிறது. இதில் மாதாமாதம் பாஸ்வேர்டு வேறு மாற்றச் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டு, பின்னால் எண்ணை மட்டும் மாற்றி ஓட்டுகிறேன். செக்‌ஷனில் எல்லோருக்கும் அது தெரியும். அவசரத்துக்கு மேனேஜரே என் லாகினில் போய் என்ட்ரி திருத்துவார். புதிதாக வந்த சிஸ்டம் ஆள் இதற்காக என்னைத் திட்டிவிட்டார். பிடிக்காத வேலைக்கு இவ்வளவு கவனம் தேவையா? பேசாமல் விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட்டுவிடலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். ஐந்து வருடம் தொடர்ந்து முடித்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, உண்டு. அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் வீதம் ஐந்து வருடத்துக்கு 75 நாள் சம்பளம். கணக்கு எழுதுகிறவருக்கு நான் கணக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வெறுப்பில் இருப்பவர்களுக்குச் சொந்தக் கணக்குதான் முதலில் மறந்துபோகிறது.

ஐந்து வருடம் முடிய மீதி இருக்கும் ஆறு மாதத்தில், உங்களை அரிப்பது எது என்று பாருங்கள். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் அக்கவுன்டன்ட்டுகளையும் விசாரித்து 1959இல் ஒரு முடிவைச் சொன்னார். சம்பளம், மேலதிகாரி, ஆபீஸ் விதிகள் இவை சரியில்லை என்றால் மனம் கசக்கும். சரியாக இருந்தாலும் வேலை இனித்துவிடாது. இனிப்பதற்குப் பொறுப்பும் பாராட்டும் வளர்ச்சியும் வேண்டும். உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? அப்படியென்றால் அதே பில் என்ட்ரிக்கு இரண்டாயிரம் அதிகம் தரும் இடத்துக்குப் போனால் மூன்றாவது மாதமே இதே அலுப்பு வரும். ஜிஎஸ்டி ரிட்டர்னோ, பேங்க் ரீகன்சிலியேஷனோ (பேங்க் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) பழகித் தரச் சொல்லி இங்கேயே கேளுங்கள். கொடுத்தால் லாபம். மறுத்தால் போகவேண்டிய காரணம் தெளிவாகிவிடும்.

சரி, பாஸ்வேர்டு. நீங்கள் ஏதோ கம்பெனியின் பூட்டைப் பற்றிப் பேசுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பெயர். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும் எடிட் லாக் இருந்தாக வேண்டும்; அதை அணைத்து வைக்க வழி இருக்கக் கூடாது என்பது விதி. மேனேஜர் திருத்திய என்ட்ரிக்கு நேரே உங்கள் யூசர் பெயர்தான் நிற்கும். நாளை ஒரு பில் இடித்தால் ஆடிட்டர் உங்களைத்தான் கூப்பிடுவார். நீங்கள் அப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தாலும்.

மேனேஜரிடம் சண்டை வேண்டாம். பழியை ஆடிட்டர் மேல் போடுங்கள். "சார், லாகில் என் பெயர் வருகிறது, ஆடிட்டில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தனி லாகின் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அதையே சிஸ்டம் ஆளுக்கு மெயிலாகவும் போட்டுவிடுங்கள். மெயில் முக்கியம்.

மாதாமாதம் மாற்றுவது எரிச்சல் என்பதில் நான் உங்கள் கட்சி. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட்டே 2017இல், பாஸ்வேர்டு வெளியே போனதற்கு அறிகுறி இல்லாமல் சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் எண்ணைத்தான் மாற்றுகிறார்கள், உங்களைப் போல. ஆனால் உங்களுடையது செக்‌ஷன் முழுக்கப் போய்விட்டதே! இன்றே மாற்றுங்கள்.

எப்படி வைப்பது? நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: அம்மிக்கல், ஜங்ஷன், ஊதா, தாத்தா மாதிரி. (இது அச்சில் வந்துவிட்டது, இதையே வைக்காதீர்கள்.) சினிமா வசனம், பிள்ளை பெயர், பிறந்த தேதி வேண்டாம். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. பாஸ்வேர்டு உடைக்கிறவர்கள் அந்தப் பட்டியலை இன்றும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

வேலை தேடத் தொடங்கும்போது இன்னொன்று. நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்துக்கும் ஜிமெயிலுக்கும் பேங்குக்கும் ஆபீஸ் பாஸ்வேர்டையே வைக்காதீர்கள். ஜிமெயிலுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு அத்தாட்சியும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம் "சேவ் செய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஏற்கெனவே சேவ் ஆனதை இன்றே அழித்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில், உங்கள் லாகினை முடக்கிவிட்டதாகச் சிஸ்டம் ஆளிடம் ஒரு வரி மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள்.