கேளுங்க சொல்றோம்: கேசட் போட்டவர் ஒருத்தர், வாடகைக்கு விட்டவர் இன்னொருத்தர்

கேள்வி: 80கள்ல டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பாத்த கோஷ்டி நாங்க. சினிமாவ கேசட்ல போட்டு விக்கலாம்னு மொதல்ல யாருக்கு சார் தோணுச்சு? ஏதாவது ஹாலிவுட் முதலாளியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அதான் இல்ல. அந்த ஆளுக்கும் ஹாலிவுட்டுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. பேரு ஆந்த்ரே ப்ளே. அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கத்துல ஃபார்மிங்டன் ஹில்ஸ்னு ஒரு ஊர், அங்க மேக்னடிக் வீடியோன்னு கம்பெனி வச்சு மத்தவங்களுக்கு டேப் காப்பி போட்டுக் குடுத்துட்டு இருந்தாரு, நம்மூர் ரெக்கார்டிங் சென்டரோட பெரிய சைஸ்னு வச்சுக்கோங்க. 1975லயே சோனியோட பீட்டாமேக்ஸ்னு வீடியோ கேசட் மிஷின் வந்தாச்சு, ஆனா டிவில வர்றத பதிவு பண்ணிப் பாக்கலாமே தவிர கடைக்குப் போயி ஒரு பெரிய ஹாலிவுட் படம் குடுப்பான்னா கிடையாது. ப்ளே 1977ல பெரிய ஸ்டுடியோ எல்லாத்துக்கும் லெட்டர் போட்டாரு, உங்க பழைய படத்துக்கு லைசென்ஸ் குடுங்க, நான் கேசட் போட்டு விக்கிறேன்னு. பேச வந்தது ஃபாக்ஸ் மட்டும்தான். யுனிவர்சலும் டிஸ்னியும் அதுக்கு முந்தின வருஷம்தான் பீட்டாமேக்ஸ வச்சு எங்க படத்த காப்பி பண்றாங்கன்னு சோனிய கோர்ட்டுக்கு இழுத்திருந்தாங்க, அவங்க எங்க பதில் போடப் போறாங்க! (1984ல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு ஜட்ஜ் இந்தப் பக்கம், நாலு ஜட்ஜ் அந்தப் பக்கம்னு சோனிதான் ஜெயிச்சுது.)

ஃபாக்ஸோட ப்ளே போட்ட ஒப்பந்தம் இதுதான்: 50 படம், அட்வான்ஸ் 3 லட்சம் டாலர், அதுக்கு மேல ராயல்டி. ஆனா படம் வந்து ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும், டிவிலயும் போட்டு முடிச்சிருக்கணும். சக்கையத்தானே குடுக்கறோம்னு நெனச்சிருப்பாங்க போல. அந்த சக்கையில சவுண்ட் ஆஃப் மியூசிக்கும் உண்டு! டிவி கைடு பத்திரிகைல விளம்பரம் குடுத்தாரு, 10 டாலர் கட்டி கிளப்ல சேரணும், கேசட் 49.95 டாலர். 13,000 பேர் சேந்துட்டாங்க. 1979ல அதே ஃபாக்ஸ் வந்து அவர் கம்பெனியவே 72 லட்சம் டாலர் குடுத்து வாங்குச்சு, அவரையே கொஞ்ச காலம் அத நடத்தவும் வச்சுது.

கேள்வி: அப்ப வாடகைக்கு விடுற ஐடியாவும் அவரோடதுதானா?
– அதே வாசகர்

பதில்: இல்லீங்க. ஜனங்க புஸ்தகம் மாதிரி காசு குடுத்து வாங்கி வீட்ல அடுக்குவாங்கன்றதுதான் ப்ளேயோட கணக்கு. 50 டாலர் குடுத்து ஒரு படத்த எத்தன தடவதான் பாப்பீங்க? லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜார்ஜ் அட்கின்சன்னு ஒருத்தர் இத புடிச்சுக்கிட்டாரு. 1977 டிசம்பர்ல வில்ஷயர் ரோட்ல ஒரு சின்னக் கடை, வருஷத்துக்கு 50 டாலர் இல்ல ஆயுசுக்கும் 100 டாலர் கட்டி மெம்பர் ஆகணும், அப்புறம் நாளுக்கு 10 டாலர் வாடகை. ஸ்டுடியோக்காரங்களுக்கு வயிறு எரிஞ்சுது, ஆனா என்ன பண்றது, காசு குடுத்து வாங்குன கேசட்ட யாருக்கு வேணா வாடகைக்கு விடலாம்னு அங்க சட்டமே இருக்கு.

ப்ளே அப்புறம் எம்பஸி ஹோம் என்டர்டெயின்மென்ட்னு இன்னொரு வீடியோ கம்பெனிய கவனிச்சாரு, அதுக்குப் பின்னாடி படத்தயாரிப்புக்கே போயிட்டாரு, ஜான் கார்பெண்டர் எடுத்த தே லிவ் (1988) படத்துல எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்னு அவர் பேரு வரும். 2018ல காலமானாரு. அடுத்த தடவ அந்தப் படம் பாத்தா டைட்டில ஓட்டி விட்றாதீங்க.