பழைய டிவிஆர் அணைந்து அணைந்து தொடங்குகிறது; ஹார்ட் டிஸ்கை மாற்ற வேண்டுமா?

குளச்சலில் உள்ள உங்கள் கடையின் பழைய டிவிஆர் (கண்காணிப்புக் கேமராக் காட்சிகளைப் பதியும் பெட்டி), தொடங்கிய சில நொடிகளிலேயே அணைந்து மறுபடியும் தொடங்குவதாகவும், பார்த்தவர் ஹார்ட் டிஸ்கை மாற்றச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் பொறுங்கள். மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டு டிவிஆரிலும் இதே பழுதுதான். புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகும் அது மாறவில்லை.

3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். சுழற்சி நிலைத்த பிறகு அதில் சிறு பங்கே போதும். தளர்ந்துபோன பவர் சப்ளை அந்த முதல் இழுப்பைத் தாங்காமல் மின்னழுத்தத்தைக் கீழே விட, டிவிஆர் அணைகிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் எழும்ப, மறுபடியும் தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். அணையாமல் நின்றால், அதே ஹார்ட் டிஸ்குக்கு வேறொரு கணினியின் பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அங்கே தடையின்றிச் சுழன்றால், அதன் மீது சுமத்திய பழி பெரும்பாலும் தவறு.

என்னை ஏமாற்றியது, மல்டிமீட்டரை வைத்து நான் அளந்த விதம். பவர் சப்ளையைத் தனியே கழற்றி அளந்தபோது 5 வோல்ட் கம்பி 5.1 காட்டியதால் அது நலம் என்று முடிவுகட்டிவிட்டேன். எல்லாவற்றையும் மாட்டி, ஓடும்போதே அளந்தபோது அதே கம்பி 4.4-க்குச் சரிந்தது; 4.75-க்குக் கீழே போகவே கூடாது. சுமையில்லாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே மின்சாரம் நுழையும் பக்கத்திலுள்ள பெரிய மின்தேக்கியில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு), பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அளந்து பார்க்காமல் கை வைக்க வேண்டாம். அளக்கத் தெரியாதென்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. வெளியேறும் பக்கத்துச் சிறு மின்தேக்கிகளைக் கவனியுங்கள். என்னுடையதில் இரண்டின் தலை, உப்பிய அப்பளம்போல் மேலெழுந்திருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தது. தலை தட்டையாக இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, உள்ளே வறண்டிருக்கலாம். ஆகவே அந்தப் பக்கத்திலுள்ள அனைத்தையும் மாற்றிவிடுவது என் வழக்கம். நாகர்கோவிலில் மின்தேக்கியைக் கண்டன்சர் என்று கேட்டாலே கிடைக்கும். அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்குவது, உள்மின்தடை குறைந்த வகை என்று சொல்லி வாங்குங்கள். பற்றவைக்கும்போது நேர்முனையும் எதிர்முனையும் மாறக் கூடாது.

கடற்கரைக் கடையென்பதால் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்திருந்தால், புதிய மின்தேக்கி போட்டும் பழுது போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள்.

எனக்குப் பழைய ஹார்ட் டிஸ்கே இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீணாக வாங்கிய புதியது அலமாரியில் இருக்கிறது.