இரண்டு காங்காவும் ஒரே மாதிரி ஒலித்தால்

வணக்கம். காங்காவையும் (கையால் தட்டும் உயரமான கியூபா டிரம்) தும்பாவையும் (அதே வகையில் பெரியது, கீழ்ச்சுருதியில் ஒலிப்பது) நன்றாக இறுக்கிய பிறகும் பாட்டில் ஒரே டிரம் மாதிரி கேட்கிறது, தும்பாவில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் வேறு என எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் நடுவே ச, ரி அளவுக்குத்தான் இடைவெளி என்றால் பாட்டின் நடுவே அது காணாமல்தான் போகும். தும்பாவைத் தளர்த்துங்கள். காங்கா ச என்றால் தும்பா கீழ்ப் பஞ்சமத்தில் நிற்கட்டும். மேற்கத்தியக் கணக்கில் சி, ஜி. சல்சா என்ற லத்தீன் நடன இசையை வாசிப்பவர்கள் பலரும் தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

தோலை இறுக்கும் நட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துத் திருகாதீர்கள். கால் சுற்று, அப்புறம் அடுத்த நட், அப்படியே வட்டமாக வாருங்கள். பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் நேரே, தோலின் ஓரத்தில் விரலால் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் சுருதி ஏறிக் கேட்டால் உங்கள் ‘ஙொய்’ பெரும்பாலும் அங்கிருந்துதான். தோலைப் பிடித்திருக்கும் வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தும்பா தரையோடு ஒட்டி நின்றால் அடிச்சத்தம் வெளியே வராது, ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. தபலா அளவுக்கு இதில் சுருதி துல்லியமாகக் காதில் விழாது. ஆனால் சோதித்துப் பார்ப்பது நல்லது. கியூபாவின் கேண்டிடோ காமெரோ மூன்று காங்காக்களை வெவ்வேறு சுருதியில் வைத்து மெட்டே வாசித்தவர். மூன்றாவதாகக் கின்ட்டோ (காங்காவைவிடச் சிறியது, மேல்சுருதியில் ஒலிப்பது) கிடைத்தால் அதைக் காங்காவின் ச-வுக்கு மேலே உள்ள க-வில் வைத்துப் பாருங்கள், அருமையாக இருக்கும்.

மாட்டுத்தோல் என்றால் வாசித்து முடித்ததும் எல்லா நட்டையும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.